மினுங்கும் பேய்கள்

1982 மார்ச்சில் அட்டாரி நிறுவனம் பேக்-மேனை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களுக்காக ஜப்பானின் நாம்கோ 1980இல் வெளியிட்ட ஆட்டத்தின் நகல். அட்டாரியின் அந்தப் பெட்டிக்கு வந்ததிலேயே அதிகம் விற்றது இதுதான். ஆனாலும் நாலு பேய்களும் விட்டுவிட்டு மினுங்கியதால் வாங்கினவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். வீடியோ ஆட்டங்களின் வரலாற்றை எழுதியவர்களும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூலம் புனிதம், நகல் துரோகம் என்கிற பழைய பல்லவிதான். மொழிபெயர்ப்பாளர்களை நாம் திட்டுகிற அதே தொனி.

சென்ற வருஷம் கணினியில் அதை ஓட்டிப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. ஆர்கேட் இயந்திரத்தில் நிரலுக்கு மட்டும் 16 கிலோபைட். இந்தக் கார்ட்ரிட்ஜில் எல்லாம் சேர்த்தே 4. 1977இல் வந்த அட்டாரி பெட்டியின் தற்காலிக நினைவகமோ வெறும் 128 பைட். முழுத்திரையைப் பிடித்துவைக்க அதில் இடமே கிடையாது. தொலைக்காட்சியின் கதிர் வரிவரியாக ஓட ஓட, நிரலும் கூடவே ஓடி ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஆட்ட உருவங்களுக்கு இயந்திரம் தந்த இடம் இரண்டே இரண்டு. நிரல் எழுதிய டாட் ஃப்ரை ஒன்றைப் பேக்-மேனுக்குக் கொடுத்தார். மற்றதை நாலு பேய்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒரு பேய்க்கு 15தான். மினுங்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் குற்றம் இயந்திரத்தினுடையதா? அதுவும் முழுசாக இல்லை. 1983இல் இதே பெட்டிக்கு மிஸ் பேக்-மேன் வந்தது, 8 கிலோபைட்டில். மினுமினுப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. இடம் கூடினால் உத்தியும் கூடும். இடத்துக்கோ சில்லு வேண்டும், சில்லுக்குக் காசு வேண்டும். எனவே அந்த மினுமினுப்பில் நான் வாசிப்பது ஃப்ரையின் கையெழுத்தை மட்டுமல்ல, உற்பத்திக் கணக்கையும்தான்.

அட்டாரி தன் நிரலாளர் பெயரைப் பெட்டியில் போடாத நிறுவனம். பெயரும் பங்கும் கேட்டுக் கிடைக்காமல் நாலு நிரலாளர்கள் வெளியேறியதால்தான் 1979இல் ஆக்டிவிஷன் உருவானது. அதற்கப்புறம்தான் விற்பனையில் பங்கு தர அட்டாரி இறங்கிவந்தது. ஃப்ரைக்கு அது கிடைத்தது. அவரை ஏமாற்றப்பட்ட தொழிலாளியாக்கி நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பெட்டியில் ஏறாத பெயர், பழி என்று வந்ததும் வரலாற்றில் ஏறிவிட்டது.

விற்காத சரக்கை 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் அட்டாரி புதைத்தது. 2014இல் தோண்டியபோது வெளிவந்தவற்றில் பேக்-மேனும் இருந்தது, ஃப்ரையின் பெயர் இல்லாமல்.