இருட்டில் ஒளிரும் குறிமுனை

அமெரிக்காவில் வீட்டுக் காவலுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள், இருட்டில் ஒளிரும் குறிமுனைக்குப் பணம் போடலாமா என்று யோசிக்கிறார்கள். யோசனை பழையது. 1914–18 யுத்தத்திலேயே துப்பாக்கிக் குறிமுனைகளில் ரேடியச் சாயம் பூசினார்கள். கடிகார முகங்களுக்கும் ரேடியந்தான். நியூஜெர்ஸியில் அவற்றைத் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அரித்துப் போயிற்று. வழக்குப் போட்ட ஐவருக்கு 1928-ல் சமரசமாக ஆளுக்கு 10,000 டாலர் கிடைத்தது. ஒருத்தி மறுவருஷமே இறந்துபோனாள், பாவம்!

பின்னால் வந்தது டிரிட்டியம். சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்த வாயு, ஆபத்துக் குறைவு. சுமார் 12 வருஷத்தில் ஒளி பாதியாகும். ஆனால் நடுநிசியில் அது காட்டுவது நம் துப்பாக்கியைத்தான். எதிரே நிற்பவன் திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா? அதைக் காட்ட டார்ச் விளக்குத்தான் வேண்டும். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் வாங்குவேன்.