பேசப்படாத கூலி: ஷனூட்டும் ரைட் சகோதரர்களும்

கூலியைப் பேசி முடிவு செய்யாமல் ஒருவரை வேலைக்கு அமர்த்தலாகாது என்பது இஸ்லாமியச் சட்ட நூல்களில் 'இஜாரா' பற்றிய பாடத்தின் அடிப்படை விதி. கொத்தனாரிடமும் தச்சரிடமும் இதைப் பேணும் நாம், ஆலோசனை சொல்பவரிடம் மறந்துவிடுகிறோம். அறிந்தவர்தானே, சொல்லுக்கு என்ன விலை என்று எண்ணுகிறோம். வானூர்தி வரலாற்றின் தொடக்கத்தில் இந்த மறதி ஓர் அரிய நட்பைக் குலைத்தது.

ஆக்டேவ் ஷனூட் 1832இல் பாரிஸில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியாளர். கன்சாஸ் நகரில் மிசௌரி ஆற்றின் குறுக்கே 1869இல் திறக்கப்பட்ட பாலம் அவர் கைவண்ணம். இரயில் பாதைக் கட்டைகளைப் பதப்படுத்தும் தொழிலில் செல்வமும் ஈட்டினார். பிற்காலத்தில் பறத்தல் முயற்சிகளைத் தொகுத்து 1894இல் நூலாக்கினார். 1896இல் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் கிளைடர்களைச் சோதித்தார்.

1900 மே 13 அன்று, டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய வில்பர் ரைட் அவருக்கு மடல் எழுதினார். சோதனைக்கு ஏற்ற இடம் எது என்பது அவர் கேள்விகளுள் ஒன்று. அதிலிருந்து பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான மடல்கள் பரிமாறப்பட்டன. ஷனூட் காற்றுவேகமானி தந்து உதவினார். 1901 முதல் 1903 வரை ஆண்டுதோறும் கிட்டி ஹாக் முகாமுக்கு வந்தார். 1901இல் சிகாகோ பொறியாளர் அவையில் வில்பரைப் பேசவும் வைத்தார். செல்வந்தர் கார்னெகியிடம் உதவி கேட்கட்டுமா என்று வினவியபோது வில்பர் இணங்கவில்லை. இவ்வளவுக்கும் ஆலோசனைக் கட்டணம் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. ஷனூட்டுக்குப் பணத் தேவை இல்லாததால் கணக்கே இல்லை என்று இரு தரப்பும் கருதின போலும்.

அதே 1901இல் சகோதரர்கள் சார்லி டெய்லரை இயந்திரப் பணியாளராக அமர்த்தினர். மணிக்கு 30 சென்ட், வாரத்திற்கு 18 டாலர். 1903இல் பறந்த வானூர்தியின் எஞ்சினை ஆறு வாரங்களில் செய்து தந்தவர் அவரே. எந்த உழைப்புக்கு எவ்வளவு என்பதில் அங்கே ஐயம் இருக்கவில்லை.

ஷனூட்டுடனான உறவிலோ இரண்டு கணக்குகள் மனத்துக்குள்ளேயே வளர்ந்தன. பறக்கும் அறிவு எல்லோருக்கும் பொது என்பது ஷனூட்டின் கொள்கை. 1903 மார்ச்சில் ரைட் சகோதரர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். ஏப்ரலில் அவர் பாரிஸில் அவர்களுடைய கிளைடர் பற்றி விரிவாக உரையாற்றினார். அவர்கள் அவருடைய மாணவர்கள் என்ற எண்ணம் அங்கே பரவியது. ஆனால் பழைய காற்றழுத்த அட்டவணைகளை ஐயுற்று, 1901இல் காற்றுச் சுரங்கம் அமைத்துத் தம் அளவீடுகளைத் தாமே கண்டவர்கள் அவர்கள்.

1909இல் அமெரிக்க இராணுவம் அவர்களுடைய வானூர்திக்கு 30,000 டாலர் கொடுத்தது. காப்புரிமை வழக்குகளும் பெருகின. 1910 சனவரியில், செல்வ ஆசை அவர்களது தெளிவை மறைத்துவிட்டதாக ஷனூட் எழுதினார். தங்களைச் சீடர்களாகவும் சார்ந்திருப்பவர்களாகவும் உலகுக்குக் காட்டிவிட்டீர் என்று வில்பர் வருந்தி மறுமொழி தந்தார். வசந்தத்தில் இருவரும் சற்றே இளகினர்; ஆனால் நவம்பர் 23 அன்று ஷனூட் காலமானார். வில்பர் எழுதிய அஞ்சலியில் அவர் தொண்டு மனமாரப் போற்றப்பட்டது. உரியவர் அதைப் படிக்க இல்லை.

நியாயமான கட்டணம் என்பது வெறும் தொகையன்று. எத்தனை நேரம், பயணச் செலவு யாருடையது, கிடைத்த அறிவை யார் வெளியிடலாம், யார் பெயர் எங்கே வரும் என்பனவும் அதில் அடங்கும். பணம் வேண்டாதவரும் இவற்றைப் பேசியே ஆக வேண்டும். இலவசமாகத் தர விரும்பினால், இது அன்பளிப்பு, இதற்குமேல் உரிமை கோரேன் என்று தெளிவாகச் சொல்லித் தரலாம்.

பயிற்சிப் பள்ளி தொடங்குவோரும் வானூர்தி வாங்குவோரும் ஓய்வுபெற்ற விமானிகளையும் பொறியாளர்களையும் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்பது இன்றும் நடப்பதே. முதல் அழைப்பிலேயே கூலியைக் கேட்பது நட்புக்கு இழுக்காகாது. நட்பு நீடிக்க அதுவே காவல்.