பெருஞ்சிலந்தி வளர்ப்பு: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

தேடித் திரட்டுவதும், திரட்டியவற்றை வரிசையாக வைத்துக் காப்பதும் மனித இயல்பு. நாணயம், முத்திரை, சங்கு, சிப்பி என்று தொடங்கிய இவ்வேட்கை உயிருள்ளவற்றையும் விட்டுவைக்கவில்லை. வண்ணமீனையும் கிளியையும் வளர்ப்போரைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆனால், உள்ளங்கையளவு பருத்து, உடலெங்கும் மயிர் போர்த்த பெருஞ்சிலந்திகளைச் சிறு சிறு பெட்டிகளில் இட்டு, பெயரெழுதி, ஆண்டுக்கணக்கில் வளர்ப்போரும் உலகில் உளர் என்றால் நம்மிற் பலர் முகஞ் சுழிப்பர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஐம்பது, நூறு என்ற கணக்கில் இவற்றை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆங்கிலேயர் இவற்றை ‘டாரன்டுலா’ என்பர். இவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன.

இப்பொழுதுபோக்கின் வரலாறு வேடிக்கைக் கதையன்று. அச்சம் அறிவாகி, அறிவு ஆசையாகி, ஆசை அழிவாகி, அழிவைத் தடுக்கச் சட்டம் எழுந்த வரலாறு அது. அதன் கடைசி அதிகாரங்களுள் ஒன்று நமது வன்னிக் காடுகளிலும் எழுதப்பட்டுள்ளது.

முதலிற் பெயரை நோக்குவோம். தென் இத்தாலியில் டாரன்டோ என்றொரு துறைமுக நகரம் உண்டு. அதன் சுற்றுப்புற வயல்களில் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று கடித்தால் மனிதர் மதிமயங்குவர் என்றும், இசைக்கேற்ப ஓயாது ஆடினாலன்றி அந்நோய் தீராது என்றும் பழங்காலத்து மக்கள் நம்பினர். டாரன்டெல்லா என்னும் நடனத்தின் பெயரும் அந்நகரை ஒட்டியதே. உண்மையில் அச்சிலந்தியின் கடி அத்துணைக் கொடியதன்று. பின்னாளில் அமெரிக்கக் கண்டத்திற் குடியேறிய ஐரோப்பியர், அங்கே கண்ட மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கும் தாம் அறிந்த இப்பெயரையே சூட்டினர். இத்தாலியச் சிலந்தியோடு எவ்வித நெருங்கிய உறவும் அற்ற ஒரு குடும்பம் இவ்வாறு அதன் பெயரையும் அதன் பழியையும் சேர்த்தே சுமந்தது.

இக்குடும்பத்தை ஐரோப்பியரின் கண்முன் நிறுத்தியவர் ஒரு பெண்மணி. 1647இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிற் பிறந்த மரியா சிபில்லா மேரியன், தமது ஓவியங்களை விற்றுப் பொருள் சேர்த்து, 1699இல் இளைய மகளுடன் ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த தென்னமெரிக்க நாடாகிய சுரினாமுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அங்குள்ள பூச்சிகளையும் செடிகளையும் நேரிற் கண்டு தீட்டிய படங்களை 1705இல் பெருநூலாக வெளியிட்டார். அதில் ஒரு படம், கொய்யாக் கிளையிலே பெருஞ்சிலந்தி ஒன்று மிகச் சிறிய தேன்குருவியொன்றைப் பற்றி உண்பதைக் காட்டியது. 1758இல் சுவீடன் நாட்டு லின்னேயசு உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் வகுத்தபோது, இச்சிலந்திக்குப் ‘பறவை’ எனும் பொருள்படும் இலத்தீன் சொல்லையொட்டியே பெயரிட்டார். ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர் சிலர், சிலந்தியாவது பறவையை உண்பதாவது என்று மேரியனை எள்ளி நகையாடினர்.

அவருக்கு நீதி வழங்கியவர் ஹென்றி வோல்டர் பேட்சு என்னும் ஆங்கிலேயர். 1848இல் அமேசன் நதிப் பகுதிக்குச் சென்று பதினோராண்டுகள் அங்கே உலவிய அவர், சிலந்தி ஒன்று இரு சிறு பறவைகளைப் பற்றியிருந்ததைத் தாமே கண்டார். 1863இல் வெளியான தமது நூலில் அதனைப் பதிவுசெய்தார். அந்நூலில் வேறு இரு செய்திகளும் உள. முதலாவது, தாம் கொன்று பதப்படுத்திய சிலந்தியின் மயிர் கையிற் பட்டு மூன்று நாள் அவர் துன்புற்றது. இரண்டாவது, அங்குள்ள பழங்குடிச் சிறார் பெருஞ்சிலந்தி ஒன்றின் இடையிற் கயிறு கட்டி, நாயை நடத்துவதுபோல வீட்டினுள்ளே நடத்திச் சென்றதை அவர் கண்டது. அறிஞர் அதனைக் கொன்று ஊசியிற் குத்தினர். சிறுவரோ உயிரோடு வைத்து விளையாடினர். இன்றைய வளர்ப்போரின் முன்னோர் யாவர் என்று கேட்பின் அச்சிறுவரையே சுட்டலாம்.

பேட்சு காலத்து அறிஞருக்குச் சிலந்தி என்பது சாராயப் போத்தலில் மிதக்கும் பொருள். உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்த உடல்களை அரும்பொருட்சாலைகளில் இருந்தவாறே அவர்கள் ஆராய்ந்து பெயரிட்டனர். இலண்டனில் பிரித்தானிய அரும்பொருட்சாலையிற் பணியாற்றிய பொக்கொக் என்பார், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உரிய மரவாழ் பெருஞ்சிலந்திகள் பலவற்றுக்கு 1890களில் பெயரளித்தார். 1899இல் அவர் விவரித்த ஒன்று ஆந்திரத்துக் கூட்டி என்னும் ஊரின் புகையிரத மரக்களஞ்சியத்திற் கிடைத்தது. ஒரேயொரு உடலே அவரிடம் இருந்தது. அதன்பின் நூறாண்டுக் காலம் அவ்வினத்தைப் பற்றிய செய்தியே இல்லை.

உயிருள்ள சிலந்தியை நெடுநாள் வைத்துக் கவனித்து அறியவேண்டும் என்ற முறையை வலுப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ஆர்க்கன்சோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் பேர்க். இவற்றின் நஞ்சைப் பற்றி ஊரார் கூறும் பயங்கரக் கதைகள் மெய்யா என்றறிய, அவர் தம்மைத் தாமே கடிக்கவிட்டுப் பார்த்தார். தம் நாட்டுப் பெருஞ்சிலந்தியின் கடி மனிதருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை என்று கண்டார். பல ஆண்டுகள் அவற்றை வளர்த்து, பெண் சிலந்தி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது என்றும், ஆணோ முதிர்ச்சியடைந்தபின் நெடுங்காலம் வாழ்வதில்லை என்றும் நிறுவினார். அவரது நூல் 1958இல் வெளிவந்தது. பயந்து மிதித்துக் கொல்லப்படும் உயிர், ஒரு நாயைவிட நீண்ட ஆயுளுடையது என்ற செய்தி பலரது கருத்தை மாற்றிற்று.

அறிவு பிறந்தவிடத்து ஆசையும் பிறந்தது. 1970களிலும் 1980களிலும் அமெரிக்க, ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடைகளில் மெக்சிக்கோ நாட்டுச் செம்முழங்காற் சிலந்தி பெருவாரியாக விற்பனையாயிற்று. கரிய உடலும், கால் மூட்டுகளிற் செம்மஞ்சள் நிறமும், சாந்தமான சுபாவமும் உடைய அது, பசிபிக் கரையோர வறண்ட காடுகளில் வளை தோண்டி வாழ்வது. திரைப்படங்களிலே அச்சமூட்டும் காட்சி வேண்டும்போதெல்லாம் தீங்கற்ற இதனையே நடிக்கவிட்டனர். கடைக்கு வந்தவை பெரும்பாலும் காட்டில் வளையினின்று தோண்டியெடுத்த வளர்ந்த சிலந்திகளே.

இங்கேதான் இடர் தோன்றியது. இச்சிலந்தியின் பெண் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். முட்டைப் பையொன்றில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பிறப்பினும் காட்டில் முதுமை எய்துவன மிகச் சிலவே. அத்தகைய முதிர்ந்த பெண்ணொன்றைத் தோண்டியெடுத்தல், பழமரத்தை வேரோடு பிடுங்கி முற்றத்தில் நடுதலை ஒக்கும். இதனை உணர்ந்த நாடுகள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் 1985இல் செம்முழங்காற் சிலந்தியைச் சேர்த்தன. 1994இல் அதன் பேரினம் முழுவதும் சேர்க்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் இன்றி அதனை எல்லை கடத்தல் அன்றுமுதல் குற்றமாயிற்று.

சட்டம் ஒரு கதவை அடைத்தது. வளர்ப்போர் மற்றொரு கதவைத் திறந்தனர். காட்டிலிருந்து பெறவியலாததை வீட்டிலேயே பிறப்பிக்கக் கற்றனர். இன்று முறையான சேகரிப்பொன்று தொடங்குவது, பெரும்பாலும் கடுகினும் சற்றே பெரிய குஞ்சிலிருந்துதான். அதனைச் சிறு குப்பியில் இட்டு, ஈரமான தென்னந்தும்புத் தூளைப் பரப்பி, பழ ஈயையோ சிள்வண்டுக் குஞ்சையோ உணவாக அளிப்பர். அது தோலுரிக்குந்தோறும் நாட்குறிப்பில் எழுதுவர். தோலுரிக்குமுன் உணவை மறுத்துக் கிடக்கும். அப்போது அதனைத் தீண்டலாகாது, இரையையும் உள்ளே விடலாகாது. உரித்த தோலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கி ஆணா பெண்ணா என்று அறிவர். குப்பி சிறுபெட்டியாகி, சிறுபெட்டி பெரும்பெட்டியாவதற்கு ஆண்டுகள் பல செல்லும். ஒன்றையொன்று உண்ணும் இயல்பின ஆதலின், ஒரு பெட்டியில் ஒன்றே வாழும். ஆகவே இப்பொழுதுபோக்கின் முதல் மூலதனம் பணமன்று, பொறுமை.

அச்சத்தை வெல்வது வேறு, எச்சரிக்கையைத் துறப்பது வேறு. அமெரிக்க இனங்கள் பல தம் வயிற்றின் மீதுள்ள சுணை மயிரைப் பின்னங்காலால் தேய்த்து வீசும். அது தோலில் அரிப்பையும், கண்ணிற் பட்டால் பெருந்துன்பத்தையும் தரும். ஆசிய இனங்களுக்கு அச்சுணை இல்லை. அதற்கு ஈடாக விரைந்த ஓட்டமும் கடுமையான நஞ்சும் உண்டு. அவை கடிப்பின் தசைப்பிடிப்பு நாட்கணக்கிற் வருத்தும். எனவே தேர்ந்த வளர்ப்போர் அவற்றைக் கையில் ஏந்துவதில்லை. கையினின்று விழுந்து வயிறு வெடித்தால் சிலந்தியும் மாளும்.

சேகரிப்பின் மதிப்பு பெட்டியில் ஒட்டிய சீட்டிலே இருக்கிறது. இனம் யாது, அதன் தாய் தந்தையர் எவ்விடத்தவை, எங்கே பிறந்தது என்பவற்றை அச்சீட்டுக் கூறவேண்டும். 2017இல் மெக்சிக்கோ நாட்டு ஆராய்ச்சியாளர் செம்முழங்காற் சிலந்திகளை மீளாய்ந்தபோது, அப்பெயரோடு உலகெங்கும் வளர்க்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை, அதனை ஒத்த மற்றோர் இனத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. பிறந்த இடம் எழுதப்படாத சிலந்தி, ஊர்ப்பெயர் இல்லாத கடிதம் போன்றது.

எனினும் ஆசை எப்போதும் பொறுமையோடு இருப்பதில்லை. 2010இல் லொஸ் ஏஞ்சல்சு நகரில் அஞ்சற் பொதியொன்றைச் சோதித்த அதிகாரிகள், உயிருள்ள சிலந்திகள் ஏறத்தாழ 300ஐக் கண்டெடுத்தனர். தொடர்ந்து வந்த பொதிகளும் பிடிபட்டன. குடிபானம் உறிஞ்சும் வண்ணக் குழாய்களுள் அவை திணிக்கப்பட்டிருந்தன. அவற்றை அனுப்பியவர் கைதானார்.

கூட்டியிலே காணாமற்போன சிலந்தியின் கதை இன்னும் உருக்கமானது. நூற்றிரண்டு ஆண்டுகளின் பின், 2001இல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் அது உயிரோடு காணப்பட்டது. கூட்டிக்கு வந்தது மரம் ஏற்றிய புகையிரதத்தின் வழியே ஆகலாம் என்பது அறிஞர் கருத்து. உடல் முழுதும் நீலமணியென ஒளிரும் அவ்வினம் மிகச் சுருங்கிய ஒரு காட்டுப் பகுதியிலேயே வாழ்கின்றது. அக்காட்டின் மரங்களும் விறகுக்கு வெட்டப்படுகின்றன. 2008இல் அது மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதே வேளை, மேலைநாட்டு வீடுகளிலோ அது குஞ்சு பொரித்துப் பெருகி வருகின்றது. காட்டில் அருகியும் பெட்டியிற் பெருகியும் வாழும் இம்முரண்பாடு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. பெட்டியிற் பெருகுவது காட்டைக் காப்பாற்றாது. காட்டினின்று பிடிக்கும் தேவையை மட்டுமே அது குறைக்கும்.

இந்த நீலச் சிலந்தியின் உறவினமே நம்மவர் ‘புலிமுகச் சிலந்தி’ என்றும், சிங்கள மக்கள் ‘திவிமகுளுவா’ என்றும் அழைக்கும் நமது மரச்சிலந்தி. இவற்றின் பேரினம் இலங்கையிலும் இந்தியாவிலுமன்றி வேறெங்கும் இல்லை. முதிர்ந்த மரங்களின் பொந்துகளே இவற்றின் இல்லம். மரம் வீழ்ந்தவிடத்துக் கூரைக்குள்ளும் சுவர் வெடிப்புக்குள்ளும் புகும். புகுந்தவிடத்துத் துடைப்பத்தால் அடிபட்டு மாளும். 2009இல் மாங்குளத்திற் கிடைத்த ஒரு சிலந்தியைத் தொடர்ந்து, ஆராய்ச்சியாளர் வன்னிக் காட்டு மரங்களில் தேடி, 2012இல் அதனைப் புதிய இனமென விவரித்தனர். தமக்கு வழித்துணையாயிருந்த பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரையே அதற்குச் சூட்டினர். அச்செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்த அளவுக்கு, அது வாழும் மரங்களைப் பற்றிய கவலை வெளிவரவில்லை.

2018இல் அமெரிக்க அரசு, இலங்கைக்குரிய புலிமுகச் சிலந்தி இனங்கள் ஐந்தினைத் தனது அழிவாபத்துச் சட்டத்தின்கீழ்ச் சேர்த்தது. காடு குறைதலும் சிதைதலுமே தலையாய ஆபத்து என்று அது சுட்டியது. அடுத்த ஆண்டு, கொழும்பில் நடைபெறவிருந்து பின்னர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட சர்வதேச உடன்படிக்கை மாநாட்டில், இலங்கையும் அமெரிக்காவும் இணைந்து கொணர்ந்த பிரேரணையின்படி, இப்பேரினம் முழுவதும் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் இலண்டனுக்குப் போத்தலிற் சென்ற உயிருக்காக, அதன் தாயகமே உலக அரங்கில் எழுந்து பேசிய நிகழ்ச்சி அது.

மேரியன் முதல் இன்றைய வளர்ப்போர் வரையில் மூன்று நூற்றாண்டுகள் கடந்துள்ளன. ஒரு சேகரிப்பைக் கண்டு, இதில் எத்தனை இனங்கள் உள என்று கேட்பதே வழக்கம். இவ்வரலாறு கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி: இவை எங்கிருந்து வந்தன? பெட்டியிற் பிறந்தவை என்பது விடையாயின், அது பொறுமையாலும் அறிவாலும் ஆன செல்வம். காட்டினின்று கவர்ந்தவை என்பது விடையாயின், அங்கே அடுக்கியிருப்பது ஒரு காட்டின் எதிர்காலம். மாங்குளத்து முதுமரப் பொந்தில் இன்றும் எட்டுக் கண்களோடு இரவை நோக்கியிருக்கும் சிலந்திக்குப் பெட்டியும் சீட்டும் வேண்டியதில்லை. அந்த மரம் நின்றாற் போதும்.