கரண்டைச் சுத்தப்படுத்தினால் படம் தெளியுமா?

போன வருடம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பழைய சஞ்சிகைகளை ஸ்கான் பண்ணத் தொடங்கினோம். முதல் நாளே பிரச்சினை. எந்தப் பக்கத்தை வைத்தாலும் மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தது. "கரண்ட் சரியில்லை தம்பி, பவர் கண்டிஷனர் ஒண்டு போடுங்கோ, படம் கண்ணாடி மாதிரி வரும்" என்றார் கடைக்கார அண்ணா. அந்தப் பெட்டியின் விலை ஸ்கானரை விடக் கூட. கையில் இருந்ததோ பிரதி எடுத்து வைக்க இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்கச் சேர்த்த காசு.

அண்ணா பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறொரு காலத்து உண்மை.

1957இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் ரசல் கேர்ஷ் தன் மூன்று மாத மகனின் படத்தை ஓர் உருளையில் சுற்றி, சீக் என்ற கணினிக்குள் அனுப்பினார். கணினிக்குள் போன முதல் புகைப்படமாக அதைத்தான் சொல்வார்கள். 176க்கு 176 புள்ளிகள், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் வெவ்வேறு ஒளி மட்டங்களில் திரும்பத் திரும்ப ஸ்கான் பண்ணி ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

அந்த இயந்திரத்தின் கண் ஒரு போட்டோமல்டிபிளையர் குழாய். ஒளி பட்டுக் கிளம்பும் ஓர் இலத்திரனை அது படிப்படியாக இலட்சக்கணக்கில் பெருக்கும். அதற்கு உயர் வோல்ட்டேஜ் தேவை. படிகள் பல என்பதால் சின்னப் பிழையும் பெருகும்: வோல்ட்டேஜ் 1 வீதம் ஆடினால் சமிக்ஞை 10 வீதம் வரைக்கும் ஆடலாம். சாம்பல் கறுப்பாகிவிடும். பிறகு அச்சகங்களுக்கு வந்த டிரம் ஸ்கானர்களிலும் இதே குழாய்தான். அந்த ஆட்களுக்குக் கரண்டின் மேல் பயம் இருந்தது நியாயம்.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் போயிலும் ஸ்மித்தும் சிசிடியைக் கண்டுபிடித்தார்கள் (நோபல் பரிசு வர 2009 ஆனது, அது வேறு கதை). அதோடு உயர் வோல்ட்டேஜ் குழாய் மெல்ல மெல்ல வெளியே போனது. இன்றைய மேசை ஸ்கானரில் 230 வோல்ட் உள்ளே போவதே இல்லை. அடாப்டர் அதைக் குறைந்த நேர்மின்னாக மாற்றுகிறது, உள்ளிருக்கும் சுற்றுகள் மறுபடி சீராக்குகின்றன. எங்களுடையது யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓடுகிற சின்ன மெஷின். இயந்திரம் போய்விட்டது, பயம் மட்டும் கடைகளில் தங்கிவிட்டது.

எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. லப்டொப்பின் வயரைக் கழற்றிவிட்டுப் பற்றறியில் அதே பக்கத்தை ஸ்கான் பண்ணினோம். பற்றறியை விடச் சுத்தமான கரண்டை யார் விற்கப் போகிறார்கள்? கோடு அதே இடத்தில் அப்படியே இருந்தது. யோசித்தால் அது கரண்டாக இருக்கவும் முடியாது. ஸ்கானர் பக்கத்தை வரி வரியாக வாசிக்கிறது. கரண்டின் ஆட்டம் நேரத்தோடு மாறும், ஆகவே குறுக்குப் பட்டையாகத்தான் விழும். நெடுங்கோடு என்றால் ஒரே ஒரு புள்ளி தொடர்ந்து பிழைக்கிறது.

குற்றவாளி தூசி. கண்ணாடி ஓரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டி இருக்கும், ஸ்கானர் தன் வெளிச்சத்தை அதில்தான் ஒப்பிட்டுச் சரிபார்க்கும். அதில் ஒட்டிய ஒரு துகளால் அந்தப் புள்ளியே மங்கல் என்று நினைத்து முழுப் பக்கத்தையும் "திருத்தி"யிருக்கிறது. மெல்லிய துணியால் துடைத்தோம், கோடு போய்விட்டது.

கரண்ட் முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது ஞாபகம்தானே. பாதியில் கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும், அதற்கு யூபிஎஸ் வேண்டும். அடாப்டரே பழுதென்றால் அடாப்டரை மாற்ற வேண்டும். படத்தின் தெளிவுக்காகக் கண்டிஷனர் வாங்குவது மட்டும் வீண் செலவு.

ஹார்ட் டிஸ்க்கையே வாங்கினோம். இப்போதைக்குப் பிரதி இரண்டு வீடுகளில் இருக்கிறது.