தெல்தெனியவில் வேட்டையும் வீரர் குடும்பமும்

அமெரிக்காவின் பல மாநிலங்களில், போரில் உயிரிழந்த படைவீரரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வேட்டை, மீன்பிடி அனுமதிப்பத்திரங்கள் இலவசமாகவோ சலுகை விலையிலோ கிடைக்கின்றன. 'பொன் நட்சத்திரக் குடும்பங்கள்' என்று அங்கே இவர்களைச் சொல்கிறார்கள். மகனைப் படைக்கு அனுப்பிய வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கவிடும் வழக்கம் 1917 இல் தொடங்கியது. மகன் மாண்டால் நீலத்தின் மேல் பொன் நட்சத்திரம் தைப்பார்கள்.

இலங்கையின் கண்டி மாவட்டத்திலுள்ள தெல்தெனியவில் இதைச் சொன்னால் யாரும் சற்று விழிப்பார்கள். காட்டில் சுடுவதற்கு அனுமதி கொடுப்பது ஒரு மரியாதையா?

ஒரு காலத்தில் இங்கேயும் வேட்டையும் போரும் ஒரே கையில்தான் இருந்தன. கண்டி இராச்சியத்தின் தும்பறைப் பகுதியைச் சேர்ந்தது இந்த ஊர். அரசனிடம் கூலிப்படை சிறிதளவு இருந்தது. மற்றவர்கள் காணிக்காகப் போருக்குப் போனவர்கள். வயலை உழுதவன், அழைப்பு வந்தால் ஈட்டியோ துப்பாக்கியோ எடுத்துப் புறப்பட வேண்டும். அவன் இறந்தால் காணி வாரிசுக்குப் போகும், சேவையும் கூடவே போகும். கருணைக் கொடை என்று இதைச் சொல்ல முடியாது. தகப்பனின் கடனை மகன் தொடர்வதற்கான ஏற்பாடு அது.

தமிழ்நாட்டு வழக்கம் சற்று வேறு. பூசலில் மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள். அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விட்ட செய்திகளும் கல்வெட்டுகளில் வருகின்றன. அந்த நிலத்துக்கு அவன் ஏற்கெனவே உயிரைக் கொடுத்துவிட்டான்.

1815 பெப்ரவரி 18 அன்று, தெல்தெனியவுக்கு அப்பால் மெதமகாநுவரப் பக்கம் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டதோடு, காணிக்குச் சேவை என்ற கண்டி ஏற்பாட்டின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது பிரித்தானிய அதிகாரி வில்சன் செத்தது வேடரின் அம்பில்தான். மான் வேட்டையில் பழகிய வில் அது. பதிலடியாக 1818 ஜனவரி 10 ஆம் திகதி பிரித்தானிய ஆளுநர் பிரவுன்றிக் கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகளாக அறிவித்து, அவர்களின் காணிகளையும் பறித்தார். எதிர்ப்பக்கம் நின்று மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுப்பதற்குப் பதில் இருந்ததும் போனது. அந்த அறிவித்தலை இலங்கை அரசு திரும்பப் பெற்றது 2016 டிசம்பரில். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்!

1840 ஆம் ஆண்டுச் சட்டம், உரித்து நிரூபிக்க முடியாத காடுகளை முடியரசின் சொத்தாக்கியது. கோப்பித் தோட்டங்கள் மலைகளில் பரவின, துரைமார் யானையும் மானும் சுட்டுத் தள்ளினர். விலங்கு அருகிப்போவதைக் கண்டு அவர்களே 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1937 இன் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அந்த நீண்ட முயற்சியின் விளைவு. அனுமதிப்பத்திரம் என்ற எண்ணமே இப்படித்தான் இந்த மலைகளுக்கு வந்தது. கிராமத்தான் தன்னுடையது என்று நினைத்துப் புகுந்த காட்டுக்கு அரசாங்கம் ஒரு கதவு மாட்டியது.

மீனின் கதை இன்னும் இளையது. மகாவலித் திட்டத்தில் 122 மீட்டர் உயர விக்டோரியா அணை எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது, ஊர் மேட்டுக்குப் பெயர்ந்தது. 1985 இல் மார்கரெட் தாட்சர் வந்து அணையைத் திறந்துவைத்தார். பிரித்தானிய நிதியுதவி அதில் இருந்தது. ஹுலுகங்கை கலக்கும் நீர்த்தேக்கத்தில் திலாப்பியா வலைக்கு வந்தது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. ஆனால் 1990 இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற பௌத்த எதிர்ப்பு அதற்குப் பின்னால் இருந்தது. 1994 இல் ஆதரவு திரும்பியது. 1996 இன் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் உரிமமின்றி மீன்பிடிப்பதைத் தடுத்தது.

இந்தப் பின்னணியில் அமெரிக்கச் சலுகையை இங்கே நட்டால் வேர்பிடிக்காது. சிங்களப் பௌத்தக் குடும்பம் உள்நாட்டுப் போரில் இறந்த மகனின் பெயரில் தானம் கொடுக்கும். வசதி இருந்தால் இறைச்சிக்குப் போகும் மாட்டை விலைக்கு வாங்கி விடுவிக்கும். செத்தவனுக்குப் புண்ணியம் சேர வேண்டும் என்பது நோக்கம். அவன் பெயரில் தூண்டில் போடும் உரிமை கொடுத்தால் அந்தத் தாய் என்ன செய்வாள்? சைவத் தாயிடமும் அதே தயக்கம் இருக்கக்கூடும். எனவே குடும்பங்களுக்கான உதவி வேறு வடிவங்களில்தான் வந்தது. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் ரணவிரு சேவா அதிகாரசபையை உருவாக்கி, இறந்த, காணாமற்போன, ஊனமுற்ற படையினரின் குடும்ப நலனை அதன் பொறுப்பில் விட்டது. வீடு, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு என்பவையே பேச்சாக இருந்தன.

இதெல்லாம் அரச படையினருக்கு. அதே போரில் மறுபக்கம், தமிழ்ப் போராளிகளிடையே மகனை இழந்த வடக்கு, கிழக்குத் தாய்மாருக்கு இதுபோன்ற தனிச் சபை எதுவும் இல்லை. அவர்கள் நினைவுகூர்வதே நீண்டகாலம் தகராறாக இருந்தது.

தெல்தெனிய வட்டாரத்திலோ, துப்பாக்கி அனுமதி என்றாலே நினைவுக்கு வருவது மரவள்ளியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றப் பார்க்கும் விவசாயிதான்.