நெடுந்தீவுக் குதிரைகளும் நாம் இழந்த கலையும்



வன்னி நாட்டிலே பிறந்தோர்க்கு விலங்கைப் பழக்கும் தொழில் புதியதன்று. வன்னியர்கள் யாழ்ப்பாணத்து அரசுக்கும், பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அந்த யானைகள் நடந்து சென்ற வழியை ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது. யானை நம் நாட்டிலிருந்து வெளியே சென்ற விலங்கு. குதிரையோ கடல் கடந்து நம்மிடம் வந்த விலங்கு. வந்த விலங்கை நாம் எவ்வாறு பேணினோம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவிலிருந்து மாணவர் சிலருடன் நெடுந்தீவுக்குச் சென்றிருந்தேன். குறிகட்டுவானிலே படகேறி அத்தீவை அடைந்தோம். பவளக்கல் அடுக்கிய வேலிகளுக்கு அப்பால், பரந்த புல்வெளியிலே, குட்டையான குதிரைகள் கூட்டங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. மாணவன் ஒருவன், "ஐயா, இவற்றின்மீது யாரும் ஏறிச் செல்வதில்லையா?" என்று கேட்டான். அருகே நின்ற முதியவர் ஒருவர் முறுவலித்து, குதிரை இருக்கிறது, அதைப் பழக்கத் தெரிந்தவர்தாம் இல்லை என்னும் கருத்துப்பட விடை சொன்னார். அவ்விடை நெடுநாள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

தமிழர் வரலாற்றிலே இக்குறை புதியதும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெரும்பொருளுடன் சென்ற மாணிக்கவாசகர் வரலாற்றை அறியாதார் யார்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, மன்னனும் அவன் உடன்பிறந்தோரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். பேணத் தெரிந்தோர் இல்லாமையே இதற்குக் காரணம் என்றும், குதிரை விற்ற வணிகர்கள் குதிரை மருத்துவரை இந்நாட்டுக்கு வரவிடுவதில்லை என்றும் அவர் கூறுகின்றார். எண்ணிக்கையிலே மிகை இருக்கலாம். ஆயினும் பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம், குதிரையறிவை அவ்வாறு வாங்கிவிட இயலாது என்னும் உண்மை அதனுள்ளே இருக்கின்றது.

போர்த்துக்கேயர் நெடுந்தீவிலே குதிரை வளர்த்தனர். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். இன்று கிளிநொச்சி மாவட்டத்தில் அடங்கும் இரணைதீவிலும் அவர்கள் குதிரை வளர்த்தனர். அத்தீவுகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இரு சகோதரர்' என்பதாகும். கடலே வேலியாக நின்றமையால் குதிரைகள் கட்டுக்காவலின்றித் திரிந்து வளர்ந்தன. ஆனால் இவ்வாறு வளர்ந்த குட்டி மனிதன் கையை அறியாது. பிடித்த அன்றே அதன்மேல் சேணம் ஏற்றிவிட முடியாது.

அப்படியாயின், இளங்குதிரையைப் பழக்குவது எவ்வாறு? முதற்பாடம் நிலத்திலேதான் தொடங்குகின்றது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. நேர் பின்னே நிற்பவனை அது காணாது. ஆகவே பழக்குபவன் தோள்ப்பக்கமாக, பேசிக்கொண்டே, மெல்ல அணுகவேண்டும். கை தொடுதலைக் கழுத்திலே தொடங்கி முதுகுக்கும் கால்களுக்கும் கொண்டுசெல்லவேண்டும். இடப்பக்கத்தில் கற்றதை வலப்பக்கத்திலும் கற்பித்தல் வேண்டும். பின்னர் முகக்கயிறு, அதன்பின் உடன் நடத்தல், நிற்றல், பின்வாங்குதல், அதன்பின் நீண்ட கயிற்றிலே வட்டமாக நடையும் ஓட்டமும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கயிற்றை இழுத்தல் கேள்வி, தளர்த்துதலே பரிசு. குதிரை ஓரடி இணங்கிய அக்கணமே கயிறு தளரவேண்டும். தாமதித்தால், தான் செய்தது சரியோ பிழையோ என்பதை அது அறியாது.

கடிவாளமும் வெறுஞ்சேணமும் பழகிய பின்னரே மனிதப் பாரம் வரும். முதலில் ஒருவன் அதன் முதுகிலே குறுக்காகச் சாய்வான், பின்னர் அமர்வான், அதன் பின்னரே ஓரிரு அடி நடை. முதுகெலும்பு முற்றி வலுப்பெற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் ஆதலின், மூன்று அல்லது நான்கு வயதிலே ஏறத் தொடங்குவோரும் பாரத்தையும் நேரத்தையும் குறைத்தே வைப்பர். அவசரப்பட்டவன் ஒரு நாளை மிச்சம்பிடித்துக் குதிரையின் வாழ்நாளைக் கெடுக்கின்றான்.

இவ்வறிவு மிகப் பழையது. இற்றைக்கு ஏறக்குறைய 3400 ஆண்டுகளுக்கு முன், மித்தானி நாட்டுக் கிக்குலி என்பவர் தேர்க்குதிரைகளை நாள்தோறும் பயிற்றும் முறையைக் களிமண் பலகைகளிலே பதித்துவைத்தார். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே கிரேக்கராகிய செனபோன், வலிந்து செய்விக்கப்பெறும் செயலைக் குதிரை விளங்கிக்கொள்வதில்லை என்று தம் நூலிலே விளக்கினார். எழுதி வைத்தமையால் அவர் அறிவு நிலைத்தது.

நம் தீவிலோ நிலைமை வேறாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நெடுந்தீவை நிருவகித்த லெப்டினன்ற் நோலன் என்பவர் குதிரை வளர்ப்பிலே ஊக்கம் காட்டினார். பின்னர் தெருக்களும், 1905இல் யாழ்ப்பாணத்தை வன்னியூடாகத் தெற்குடன் இணைத்த இருப்புப்பாதையும், அதனையடுத்து மோட்டார் வண்டிகளும் வந்தன. குதிரைக்குத் தேவை குறைந்தது. தேவை குறைய, தந்தை கையிலிருந்து மைந்தன் கைக்கு வரவேண்டிய பழக்கம் இடையிலே அறுந்தது. இன்று லாயத்தின் கற்றூண்கள் நிற்கின்றன, குதிரைகளும் நிற்கின்றன, அவற்றைப் பழக்கும் கை மட்டும் இல்லை.

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கடுங்கோடையிலே நீரின்றிக் குதிரைகள் மடிகின்ற செய்தி நம் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றது. அவற்றைப் பிடித்து ஏறவேண்டும் என்று நான் கூறவில்லை. அவை தம் போக்கிலே வாழட்டும். ஆனால் தாகத்தால் தளர்ந்த குதிரையை அணுகி, அதற்கு நீரூட்டவும், அடிபட்ட காலைத் தூக்கிப் பார்க்கவும் அறிந்த இளைஞர் அத்தீவிலே சிலராவது வேண்டாமா? அதற்கும் முதற்பாடம், தோள்ப்பக்கமாக மெல்ல அணுகும் அந்தப் பழைய பாடமேயாகும்.

அன்று கேள்வி கேட்ட மாணவன், திரும்புங் காலையில், கையிலே சிறிது புல்லை ஏந்திக்கொண்டு ஒரு குட்டியின் அருகே அசையாது நின்றான். குட்டி வரவில்லை. படகுக்கு நேரமாயிற்று என்று நான் அழைத்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் வரும் ஐயா" என்றான் அவன். நிற்கத் தெரிந்த பிள்ளைக்குக் கற்பிக்க, அங்கே ஆசிரியர் ஒருவரும் இருந்திலர்.