சவரக்கத்தி: எஃகின் வரலாறும் பழைய கத்தியை மீட்டெடுக்கும் முறையும்

சவரக்கத்தி என்பது ஒருபுறம் மட்டும் கூர் கொண்ட, பிடிக்குள் மடங்கும் எஃகுக் கத்தி. மாற்று பிளேடு பரவுவதற்கு முன் முகமழிப்பு இதைக் கொண்டே நடந்தது. தமிழகத்தில் நாவிதர், மருத்துவர், குடிமகன் எனப் பல பெயர்களில் அழைக்கப்பட்டவர்களின் கருவிப் பை 'அடைப்பம்' எனப்பட்டது. கத்தி, கத்தரி, தீட்டுக்கல், தோல்வார் ஆகியவை அதில் இருக்கும். கட்டி கீறுவது போன்ற சிறு அறுவை மருத்துவத்தையும் இவர்களே செய்தனர். கத்தரி மிகப் பழையது. பொருநராற்றுப்படையில் பாடினியின் காதுக்கு உவமையாக வருவது மயிர் வெட்டும் கத்தரியின் வளைந்த பிடிதான்.

பாஞ்சாலங்குறிச்சி அமைந்துள்ள தூத்துக்குடி மாவட்டம் இரும்பின் தொன்மைக்குப் பெயர்பெற்றது. ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளில் இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைப் பொ.மு. நான்காம் ஆயிரமாண்டுவரை கொண்டுசெல்லும் ஆய்வு முடிவை 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்டது. 1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஆங்கிலேயர் வெளியிட்ட அறிக்கை பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. வேலும் வாளும் போனபின் இவ்வட்டார வீடுகளில் எஞ்சியது உழைப்பாளியின் எஃகுதான்: பனையேறியின் பாளை அரிவாள், பாக்குவெட்டி, நாவிதரின் கத்தி. போர்க்கருவிகளுக்கு அருங்காட்சியகம் உண்டு. இவற்றுக்கு இல்லை.

ஊட்சு எஃகும் சவரக்கத்தியும்

ஆயுதங்கள் பறிக்கப்பட்ட அதே காலத்தில், நம் எஃகின் இரகசியத்தை அறிய இலண்டனில் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட 'ஊட்சு' எஃகைச் சோதித்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் இராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். அதற்காக அந்த எஃகில் பேனாக்கத்தி அடித்துத் தந்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர். பின்னர் தம் கடையின் விளம்பர அட்டையிலேயே, இந்திய எஃகில் செய்த சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் கிடைக்கும் என்று அவர் அச்சிட்டுக்கொண்டார்.

கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் ஊட்சைப் பகுத்தாய்ந்தார். அதன் சிறப்புக்கு அலுமினியக் கலப்பே காரணம் என்று முதலில் எண்ணினார். அது பிழை. ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரிமமும், மூசையில் உருகிய எஃகு மெதுவாக ஆறிய முறையுமே காரணம். பறங்கிப்பேட்டை இரும்பாலையைத் தொடங்கிய ஜே. எம். ஹீத், தென்னிந்தியக் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளை ஆவாரை விறகோடும் எருக்கிலையோடும் களிமண் மூசையில் அடைத்து உருக்குவதை விவரித்துள்ளார். ஃபாரடேயும் ஸ்டோடார்ட்டும் 1820, 1822 ஆண்டுகளில் எஃகுக் கலவைகள் பற்றி வெளியிட்ட ஆய்வுகள் இந்த ஆர்வத்தில் பிறந்தவை. அவர்கள் 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்தும் பார்த்தனர். பழைய ஆங்கிலக் கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்ற பொறிப்பு காணப்படுவதன் பின்னணி இதுவே. ஆனால் அப்பொறிப்புள்ள கத்திகள் எல்லாவற்றிலும் வெள்ளி இருக்கும் என நம்ப வேண்டியதில்லை.

பின்னர் செஃபீல்டு, சோலிங்கன் கத்திகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. கில்லெட்டின் மாற்று பிளேடு 1904இல் காப்புரிமை பெற்றது. இன்று சலூன்களில் பிடியில் பாதி பிளேடு செருகப்படுகிறது. தொற்று அச்சத்தை எண்ணினால் அது சரியான மாற்றம்தான்.

அடைப்பங்கள் மறைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அறுவடையில் தானியம் பெற்று, பிறப்புக்கும் இறப்புக்கும் கட்டாயமாக உழைத்த வாழ்வை அவை நினைவூட்டின. சாதியின் பெயரால் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கப்பட்டதும் இதே தொழிலின் வரலாறுதான். அந்தப் பையைப் பேரப்பிள்ளைகள் பழைய இரும்புக்குப் போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மீட்டெடுக்கும் முறை

தொடங்குவோர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் பார்ப்பது. வால்பகுதியில் உள்ள முத்திரையை நிழற்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உருப்பெருக்கியில் விரிசல் தெரிந்தால் அக்கத்தியை மழிக்கப் பயன்படுத்தக் கூடாது. கூர்முனையின் சிறு பொரிவைக் கல்லில் தேய்த்து நீக்கலாம். குழிவிழுந்த துரு கூர்வரை வந்திருந்தால் காட்சிப்பொருளாக வைப்பதே நல்லது.

சிவந்த, பொடியாக உதிரும் துரு கேடு செய்வது. கறுத்த மெல்லிய படிவு பெரும்பாலும் எஃகைக் காப்பது. அதை நீக்கத் தேவையில்லை. சிவந்த துருவை எண்ணெய் ஊறவிட்டு, 800, 1000, 2000 எண் உப்புத்தாள்களால் முதுகிலிருந்து கூரை நோக்கி மெல்லத் தேய்க்கலாம். விரல் கூரைத் தாண்டாதபடி அலகை மரக்கட்டையில் படியவைத்துக்கொள்ள வேண்டும். மின்சாணைப் பக்கமே போகக் கூடாது. மெல்லிய கூர் நொடியில் சூடேறும். வைக்கோல் நிறம் தாண்டி ஏறத்தாழ 300 பாகையில் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பதத்தோடு முத்திரையும் அழிந்து, யார் செய்த கத்தி என்பதே தெரியாமல் போகும். ஆசாரியிடம் தரும்போதும் இதைச் சொல்லித் தர வேண்டும்.

பிடி தந்தமாக இருந்தால் சட்டத்தை மறக்கக் கூடாது, இந்தியாவில் தந்த வாணிகம் தடைசெய்யப்பட்டது. செல்லுலாய்டுப் பிடி சிதையும்போது வெளியாகும் அமில ஆவி அலகையே அரிக்கும். அத்தகைய பிடியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

தீட்டுவதில் தொடங்குவோர் அஞ்சுவது கோணம். அந்தக் கவலையைப் பழைய கொல்லர் ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறார். முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிந்தாலே கோணம் தானாக அமையும். முதுகைச் சற்றுத் தூக்கினாலும் அது கெடும். 1000 எண் கல்லில் கூரை முன்னே விட்டு இருபுறமும் சம எண்ணிக்கையில் தேய்த்து, பின் 4000, 8000 எனக் கல்லை மாற்ற வேண்டும். தோல்வாரில் மட்டும் முதுகு முன்னே போக வேண்டும். தவறினால் தோல் அறுபடும். கையின் முடியை இலேசாகத் தொட்டதும் அறுத்தால் கூர் வந்துவிட்டது. முதல் மழிப்பைக் கன்னத்தில் மட்டும் பழகுவது நல்லது. தாடைக்குக் கீழே கை பழகிய பிறகு போகலாம். பழைய கத்தியைச் சாராயத் திரவத்தால் துடைக்காமல் தோலில் வைக்கக் கூடாது.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்பளக் காற்றின் குளோரைடு துருக்குழிகளில் தங்கி, துடைத்த பிறகும் துருவை மீண்டும் கிளப்பும். எனவே ஒவ்வொரு முறையும் அலகை நன்கு உலர்த்தி, மெல்ல எண்ணெய் பூசி, பிடிக்குள் மடக்காமல் திறந்தபடி, சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.